அக்காவின் பத்தியம்

எங்கள் பட்டறையில் ஜாடிகளுக்கு மெருகு பூசும் ராமலிங்கத்தின் மனைவி போன வாரம் வீட்டுக்கு வந்தாள். ராமலிங்கத்துக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. "ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கண்ணே. மீன் ஆவாதுங்கறாங்க, பருப்பு ஆவாதுங்கறாங்க. நீங்க பட்டவரு. என்னா சோறு குடுக்கலாம், சொல்லுங்க," என்று கேட்டாள். எனக்கு நேரில் பேச வராது. "கனகு தண்ணிக்குப் போயிருக்கா, வந்ததும் சொல்லுவா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். கனகு என் மனைவி. அவள் வந்து சொல்லியிருப்பாள். ஆனாலும் மனது கேட்கவில்லை. எட்டாவது வரை படித்ததில் எழுத்து மட்டும் கையோடு நின்றது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது குடல்வால் வீக்கம். ரேஷன் கடையில் அரிசிக்கு நாள் முழுக்க நின்ற காலம் அது. அப்போது நான் அச்சில் சேறு ஊற்றும் வேலையில் இருந்தேன். வெள்ளை மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சுக்குள் ஊற்றி, அது சுவரில் கொஞ்சம் இறுகியதும் மீதியைக் கவிழ்த்துவிட வேண்டும். ஊறுகாய் ஜாடி அப்படித்தான் உருவாகிறது. சேறு நிறைந்த அச்சு நல்ல கனம் இருக்கும். குனிந்து தூக்கும்போது தொப்புளைச் சுற்றி வலித்தது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். வலி மெல்ல வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியது. அந்த இடத்தை யாரிடம் காட்டுவது என்று வெட்கம். கனகுவிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில் வலி திடீரென்று விட்டது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். குடல்வால் வெடித்ததால்தான் வலி விட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று மத்தியானமே உடம்பு அனலாகக் கொதித்தது. கனகு குதிரைவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் நரைத்த மீசைக்காரர். சுருக்கமாகப் பேசுவார். என் வயிற்றை அழுத்தியபோது வலித்தது. கையை எடுத்தபோது அதைவிட அதிகம் வலித்தது. "எத்தனை நாளா?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். "வாயைத் திறந்து சொல்லுங்களேன்! என்கிட்டயும் சொல்றதில்ல, டாக்டரு அய்யாகிட்டயும் சொல்றதில்ல. உங்க வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று கனகு அழுதுகொண்டே கத்தினாள்.

குடலின் ஓரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வால் உண்டாம். அது இருந்தும் பயனில்லை, இல்லாவிட்டாலும் குறையில்லை. வீங்கி வெடித்துவிட்டால் மட்டும் உள்ளே இருக்கும் சீழ் வயிற்றுக்குள் பரவி ஆளையே கொன்றுவிடும். இதை டாக்டர் கனகுவிடம் சொல்லி ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார். என் முகத்தில் துணி போட்டு மருந்து விட்டார்கள். ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். சத்தமாக எண்ணுவதற்குக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. மனதுக்குள் எண்ணினேன். அதனால் நான் மயங்கிவிட்டேனா இல்லையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார்களாம். நர்ஸம்மா பிறகு சொல்லிச் சிரித்தார்.

கண் விழித்தபோது வயிற்றில் கட்டு. பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கெட்ட நீர் வடிந்துகொண்டிருந்தது. வாயெல்லாம் காய்ந்த மண். தண்ணீர் கேட்டால் பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டார்கள், அவ்வளவுதான். குடல் அசையத் தொடங்கும்வரை எதுவும் உள்ளே போகக் கூடாது என்றார்கள். வார்டில் இரண்டு வரிசை இரும்புக் கட்டில்கள். பினாயில் வாடை. பக்கத்து ரயில் ஜங்ஷனில் என்ஜின் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும் சத்தம். நானும் அதுபோலத்தான் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தேன். படுத்தபடியே எல்லாம் செய்ய வேண்டும். அந்த வெட்கத்தை எழுதப்போவதில்லை. பட்டவர்களுக்குத் தெரியும்.

கஞ்சி கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அக்கா வந்தாள்.

அஞ்சலை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தாய் போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். கருவேப்பிலங்குறிச்சியில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா இறந்து பல வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. எனக்கு ஆபரேஷன் என்று கேட்டதும், வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த கையோடு கிளம்பி, பழைய அரிசி, பூண்டு, மிளகு, சுண்டைக்காய் வற்றல் எல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கனகுவைப் பார்த்து, "இனிமே சோத்து வேலை என்னுது. நீ வேலைக்குப் போ. ரெண்டு பேரும் வூட்ல குந்திட்டா ஒலை எப்பிடி கொதிக்கும்?" என்றாள். கனகு பட்டறையில் ஜாடி காயவைக்கும் இடத்தில் வேலை செய்தாள். அக்கா சொன்னது நியாயம்தான். போனாள்.

அக்காவின் பத்தியம் கடுமையானது. காலையில் பழைய அரிசிக் கஞ்சி. மத்தியானம் உதிர வடித்த சோறு, பருப்பு இல்லாத மிளகு ரசம், சுட்ட பூண்டு. உப்பை வறுத்து, விரல் நுனியில் எடுத்து, இவ்வளவுதான் என்று எனக்குக் காட்டிவிட்டுப் போடுவாள். பருப்பு வாயு. கீரை குளிர்ச்சி. பால் சளி. மீன், முட்டை, கறி என்ற பேச்சே கூடாது, சீழ் கோத்துக்கொள்ளும். தண்ணீரும் இரண்டு மடக்குக்கு மேல் கிடையாது. "தண்ணி குடிச்சா தையல் ஊறிடும்டா. புண்ணு உள்ளேருந்து காயணும்," என்பாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நம்புவதுதான் இது. எனக்கும் அது தவறு என்று தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பாலும் அவித்த முட்டையும் கொடுப்பார்கள். ஒரு நாள் அக்கா வருவதற்கு முன்பே தட்டு வந்துவிட்டது. பசி. தின்றுவிட்டேன். அன்று சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. மறுநாள் காலை கட்டு நனைந்திருந்தது. டாக்டர் இரண்டு மூன்று தையலைப் பிரித்தார். சீழ் கொட்டியது.

அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் போனதும் குனிந்து, "நேத்து என்னாடா தின்ன?" என்றாள்.

"முட்டை."

அவள் திட்டவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

குடல்வால் வெடித்த அன்றே கிருமி உள்ளே போய்விட்டது, அதுதான் இப்போது வெளியே வருகிறது, முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நர்ஸம்மா சொன்னார். கேட்டுக்கொண்டேன். ஆனால் முட்டை தின்றது நேற்று, சீழ் வந்தது இன்று. கண் முன்னால் நடந்ததை விட்டுவிட்டு வேறு எதை நம்புவது?

அதிலிருந்து தினமும் வரும் முட்டையும் பாலும் பக்கத்துக் கட்டிலுக்குப் போயின. அங்கே ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் கோவிந்தன் தொடை எலும்பு முறிந்து, காலில் மணல்மூட்டை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். முதலில் "வேணாம் தம்பி, உனக்குன்னு குடுத்தது" என்றார். பிறகு "வீணாப் போவுதே" என்றார். அப்புறம் தட்டு வரும்போதே என் பக்கம் கையை நீட்டத் தொடங்கிவிட்டார். அவர் முகம் நாளுக்கு நாள் பளபளத்தது. நான் நாளுக்கு நாள் வற்றினேன்.

புண்ணை மறுபடி தைக்கவில்லை. சீழ் பிடித்த புண்ணை மூடித் தைத்தால் உள்ளே மறுபடி கோத்துக்கொள்ளுமாம். திறந்தே விட்டு, மஞ்சள் மருந்தில் நனைத்த துணியை உள்ளே திணித்து, தினமும் மாற்றுவார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். துணியை இழுக்கும் நேரத்தில் நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். சத்தம் போட மாட்டேன். "கத்துங்களேன், எனக்கும் எப்ப நிறுத்தணும்னு தெரியும்ல?" என்பார் நர்ஸம்மா.

காய்ச்சல் நின்றது. சீழும் நின்றது. ஆனால் புண் நிரம்பவில்லை. ஒரு முறை குனிந்து பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம், ஊறிப்போன வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. இரண்டு விரல் உள்ளே போகும். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "சதை பிடிக்கவே மாட்டேங்குதே. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம். இல்லேன்னா கடலூருக்குத்தான் அனுப்பணும். அங்க திரும்ப மயக்கம் குடுத்து சுத்தம் பண்ணுவாங்க."

மறுபடி அந்தத் துணி, மறுபடி அந்த எண்ணிக்கை. இந்த உடம்பு அதைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். கையைத் தூக்கிப் பார்த்தால் எலும்பும் தோலும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பயம் ஒரு பக்கம் என்றால், அலுப்பு அதைவிடப் பெரிது. முடிந்தால் முடியட்டும் என்றுகூட நினைத்தேன். கனகு சாயங்காலம் வந்து என் முதுகைத் தேய்த்துவிட்டாள். அவள் கையில் காய்ந்த வெள்ளை மண் ஒட்டியிருந்தது. அந்த மண் வாசம்தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த மருந்து.

கோவிந்தனின் முகத்தைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கனகு லீவில் கூட இருந்த நேரம். நர்ஸம்மா அவர் தட்டைப் பார்த்தார். "என்ன பெரியவரே, உங்களுக்கு மட்டும் கோழி ரெண்டா போடுதா?"

கோவிந்தன் வாயில் முட்டை. மென்றுகொண்டே என்னைக் கையால் காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்துவிட்டார். "ஏன்யா, என்ன நினைச்சுகிட்டிருக்க? நான் இங்க மருந்து வச்சுக் கட்டுறேன், நீ முட்டையை அடுத்த கட்டிலுக்குத் தானம் பண்றியா?"

நான் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தேன். கனகு பொறுக்கவில்லை. "அண்ணிதான் வுடலீங்க. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

அக்கா எழுந்து நின்றாள். பயப்படவில்லை. டாக்டர் அவளைப் பார்த்துக் குரலை இறக்கினார். "இங்க பாரும்மா. உன் தம்பி என்ன வேலை செய்யறான்? அச்சுல சேறு ஊத்துறான். அச்சை வச்சுட்டு சேறே ஊத்தலேன்னா ஜாடி வருமா? அச்சு நான் வச்சிருக்கேன். சேறு நீ ஊத்தணும். முட்டை, பால், மீன், பருப்பு, இதுலதான் சதை வளர்ற சத்து இருக்கு. வெறும் சோத்துல இல்ல."

"சரிங்க. சேறு ஊத்துன ஜாடிய காயாம சூளையில வச்சா என்னாவும்?" என்றாள் அக்கா. "வெடிச்சிடாதா? எங்க ஊருக்காரங்களும் இங்க மண்ணு வேலைதாங்க பாக்கறாங்க. எனக்கும் தெரியும்."

கோவிந்தன் சிரித்துவிட்டார். டாக்டர் மீசையைத் தடவினார். அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கனகுவுக்கு ஆற்றாமை. நான் அப்படி வற்றுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குள் எதுவோ நிரம்பியிருந்தது.

"அண்ணி, உங்க வூட்டுக்காரர அனுப்பின மாரி என் வூட்டுக்காரரையும் அனுப்பிடாதீங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று கனகுவுக்கே தெரிந்தது போலிருந்தது. வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அக்கா கோபப்படவில்லை. என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அனுப்பினவதான். அதனாலதான் சொல்றேன். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? ஆபரேசன் ஆயி மூணாம் நாளு, வாயெல்லாம் கசக்குது, கருவாட்டுக் கொழம்பு வேணும்னாரு. எல்லாரும் வேணாம்னாங்க. மனசு கேக்கல. வெளிய பொங்கிக் கொண்டாந்து, யாருக்கும் தெரியாம ரெண்டு வாய் ஊட்டுனேன். 'நல்லாருக்குடி'ன்னாரு. மறுநாள் விடியறதுக்குள்ள போயிட்டாரு."

எனக்கு இது தெரியாது. கூடப் பிறந்தவன், அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன், எனக்கே தெரியாது. மாமா ஆபரேஷனில் இறந்தார் என்று மட்டும்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அவருக்கு என்ன ஆபரேஷன்?"

"கொடல் முறுக்கிகிச்சுன்னாங்க."

"எத்தனை நாள் கழிச்சுக் கொண்டுபோனீங்க?"

"நாட்டு வைத்தியம் பாத்துட்டு நாலஞ்சு நாளு கழிச்சி."

"ஆபரேஷன் ஆன பின்னாடி வயிறு எப்படி இருந்தது? மெத்துனு இருந்ததா, கல்லு மாதிரியா?"

"கல்லாட்டம். தொட வுடல."

"வாந்தி?"

"பச்ச பச்சயா வந்துச்சி. மொத நாளே."

"அதெல்லாம் நீ குழம்பு குடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அக்கா யோசித்தாள். அவள் அதை ஒருநாளும் அந்த வரிசையில் யோசித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். "முன்னாடி," என்றாள். பிறகு மறுபடி, தனக்கே சொல்வதுபோல, "முன்னாடிதான்."

"நான் அவரைப் பார்க்கலை. பார்க்காததைச் சத்தியமா சொல்ல முடியாது. ஆனா நீ சொல்றதை வச்சுப் பார்த்தா, அவர் குடல் அப்பவே அழுகிப் போயிருக்கணும். யார் என்ன குடுத்திருந்தாலும், குடுக்காம இருந்திருந்தாலும், அவர் பிழைச்சிருக்க மாட்டார். ரெண்டு வாய் குழம்பால சாகலைம்மா." டாக்டர் எழுந்தார். "கடைசியா நல்லாருக்குன்னு ஒண்ணு தின்னுட்டுப் போயிருக்கார். அவ்வளவுதான்."

அக்கா கட்டில் கம்பியை விட்டாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கனகு பின்னாலேயே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்து, "அண்ணி பஸ் ஏறிட்டாங்க," என்று என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். அன்று இரவு கனகு வாங்கி வந்த பாலை நான் குடித்தேன். ருசி தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அக்கா வந்தாள். கையில் தூக்குப் பாத்திரம். அவள் ஊருக்குப் போகவில்லையாம். சேத்தியாத்தோப்புக்குப் போய், தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் வெள்ளாற்று விரால் மீன் வாங்கி வந்திருக்கிறாள். மூடியைத் திறந்ததும் வார்டு முழுக்க மணம். காலைத் தொங்கவிட்டிருந்த கோவிந்தன் தலையை மட்டும் தூக்கி, "ஏம்மா, இது அடுத்த கட்டிலுக்கு வருமா?" என்றார்.

"நீ தின்னது போதும், மூடிகிட்டு படு," என்றாள் அக்கா.

எனக்கு முள் எடுத்து ஊட்டினாள். நான் முழுவதும் சாப்பிட்டேன். பிறகு அவள் ஸ்டூலைப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். புண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை கட்டுக்குப் பக்கத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். "கல்லா இருக்குதாடா?" "இல்லக்கா." "மூச்சு முட்டுதா?" "இல்லக்கா." எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆனால் கண்ணை மூடினால் அவள் பயப்படுவாளே என்று விழித்தே கிடந்தேன். நோயில் நான் யாருக்காவது செய்த ஒரே உதவி அதுதான். வெயில் தாழ்ந்து, விளக்கு போட்ட பிறகுதான் அவள் முதுகு தளர்ந்தது. "சரி, தூங்கு," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ராமலிங்கத்தின் மனைவிக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். தினமும் ஆஸ்பத்திரி முட்டையும் பாலும் எனக்கே. கிடைக்கும்போது விரால். கிடைக்காதபோது பச்சைப்பயறு, கடைந்த பருப்பு, முருங்கைக்கீரை. வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, அவித்து ஒரு கை. நெல்லிக்காயோ கொய்யாவோ ஒன்று. தண்ணீர் தாகத்துக்குத் தக்கபடி. ஒரேயடியாகத் தின்ன முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு இல்லை, குடல் அசையத் தொடங்கும்வரை எதுவும் கூடாது, சர்க்கரை வியாதிக்காரருக்கு வேறு, அதை டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். நான் கேட்காமல் பட்டேன். புண் உடனே ஆறிவிடவில்லை. ஆனால் வெளுப்பு மாறிச் சிவந்தது. ஒரு நாள் நர்ஸம்மா துணியை எடுக்கும்போது புள்ளியாக ரத்தம் வந்தது. நான் பயந்தேன். "இது நல்ல ரத்தம். சதை பிடிச்சுருச்சு," என்றார். பிறகு திணிக்கும் துணி சிறிதாகிக்கொண்டே வந்தது. கடலூர்ப் பேச்சை டாக்டர் எடுக்கவே இல்லை.

கோவிந்தன் எனக்கு முன்னால் கோலூன்றி நடந்து போனார். "என் கால்ல பாதி உன் முட்டை, தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகும் நீண்ட நாள் அலுப்பு தீரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாலே மூச்சு வாங்கும். கனம் தூக்கும் வேலை இனி வேண்டாம் என்று பட்டறையில் மெருகு பூசும் இடத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இன்றும் மழைக்காலத்தில் அந்தத் தழும்பு இழுக்கிறது.

புண் முழுக்க மூடியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு நாள் குறித்தார்கள். கனகு வெந்நீர் வைத்து ஊற்றினாள். அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று அக்காவிடம் கேட்டாள். ஆஸ்பத்திரிச் சண்டைக்குப் பிறகு கனகு அவளிடம் எதையும் கேட்டுத்தான் செய்வாள்.

"கருவாடு வாங்கியா," என்றாள் அக்கா.

கனகு கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அக்கா கருவாட்டை வீட்டுக்குள் விட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று அவளுக்கும் தெரியும். அதன் காரணத்தைத்தான் முன்பு நாங்கள் விதவை விரதம் என்று நினைத்திருந்தோம். அக்கா மறுபடி சொல்லவில்லை, அடுப்பை மூட்டப் போய்விட்டாள். கனகு கடைக்குப் போனாள்.

கத்தரிக்காய் போட்டு அக்காவே குழம்பு வைத்தாள். எனக்குப் பரிமாறினாள். கனகுவுக்குப் பரிமாறினாள். பிறகு தன் தட்டில் சோற்றைப் போட்டு, கரண்டியைச் சட்டிக்குள் விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். நாங்கள் இருவரும் அவளைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழம்பை ஊற்றினாள். பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. இன்னொரு வாய் வைத்தாள்.

"உப்பு பத்தலடி கனகு," என்றாள். "ஜாடிய எடு."

கனகு உப்பு ஜாடியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். அக்கா கையை விட்டு, காட்டாமல், அளக்காமல், ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.